தண்ணிதானே என்று சொல்லாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாக வாசியுங்கள். வகுப்பு மாதிரிதான் இருக்கும், ஆனால் பரீட்சை கிடையாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் தொங்குகிறதே டிரிப்ஸ் பாட்டில், அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். நம் ஊரில் அதற்கு ஒரே பெயர், குளுக்கோஸ். உள்ளே இருப்பது வெறும் உப்புத் தண்ணியாக இருந்தாலும் அதன் பெயர் குளுக்கோஸ்தான். "ரெண்டு நாளா அசதி, ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வந்தேன்" என்று காய்கறிக் கடையில் நின்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்களிடம் "உள்ளே என்ன வைத்தியம் நடக்குது?" என்று கேட்டால், "ஊசி போடுறாங்க, மத்தபடி தண்ணிதான் ஏறுது" என்பார்கள்.

என் கட்சி இதுதான்: ஏறுவது தண்ணி இல்லை, மருந்து. மருந்து என்றால் எது, எவ்வளவு, யாருக்கு என்று மூன்று கேள்வி உண்டு. உயிருக்குப் போராடுகிற நோயாளிக்கு இந்த மூன்றும் சரியாக அமையாவிட்டால் அடி வாங்குகிற உறுப்புகளில் முக்கியமானது சிறுநீரகம்.

இதைப் புரிந்துகொள்ள நம் கரிசல்காட்டுக்காரர்களுக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. புதுசாக போர் போட்டுத் தண்ணி வந்ததும் நம் சம்சாரி முதலில் என்ன செய்வார்? கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்ப்பார். உப்பாக இருந்தால் மோட்டார் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட மாட்டார். அந்தத் தண்ணியைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகிப் பயிர் கருகிவிடும் என்று அவருக்குத் தெரியும். எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கமெல்லாம் கிணற்றுத் தண்ணி வேறு, ஊருணித் தண்ணி வேறு என்று பிரித்துப் புழங்கிய ஊர்கள்தான். கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணியைக் குழாய் போட்டுக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணிக்காகத்தானே? வயலுக்கும் குடத்துக்கும் எந்தத் தண்ணி என்று கேட்கிற நாம், அப்பாவின் ரத்தத்தில் நேராகப் போய்ச் சேருகிற தண்ணியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

இப்போது பாடத்துக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை, வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்தப் பாட்டிலின் கதையில் பாதி வேதியியல்தான்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் அதிகம் ஏறுவது ‘நார்மல் சலைன்’. என்.எஸ். என்று சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது நம் தூத்துக்குடி உப்பளத்தில் விளைகிற அதே பொருள், சுத்திகரித்தது. பதினொன்றாம் வகுப்பு மோல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 9-ஐ 58.5-ஆல் வகுத்தால் 0.154. ஆக ஒரு லிட்டரில் 154 மில்லிமோல் சோடியம், 154 மில்லிமோல் குளோரைடு. நம் ரத்தத்தில் எவ்வளவு? சோடியம் சுமார் 140, குளோரைடு சுமார் 100. சோடியம் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. குளோரைடோ ஒன்றரை மடங்கு. பெயர் நார்மல், ஆனால் மனித ரத்தத்துக்கு அது நார்மல் இல்லை.

பிறகு எப்படி அந்தப் பெயர் வந்தது? ஹாம்பர்கர் என்ற டச்சு விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், எவ்வளவு உப்புக் கரைசலில் ரத்தச் சிவப்பணுக்கள் வெடிக்காமல் இருக்கின்றன என்று சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தார். 0.9 சதவீதம் என்ற அளவு அந்த வழியில் வந்தது. சிவப்பணு வெடிக்கவில்லை என்பது ஒரு கணக்கு. நோயாளியின் சிறுநீரகம் தாங்குமா என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கை யாரும் அப்போது போடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கும் வெகு முன்பே, 1832-இல், காலரா பரவிய நேரத்தில் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் முதன்முதலாக நரம்பு வழியே திரவம் ஏற்றினார். அவர் கலந்தது வெறும் உப்பு இல்லை, உப்போடு கொஞ்சம் சோடாவும். காலராவில் ரத்தத்திலிருந்து தண்ணீரும் உப்பும் காரமும் போய்விடுகின்றன என்று கண்டு சொன்னவர் ஓஷாக்னஸி. அவர்தான் அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து, பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவர்.

கல்கத்தாவிலேயே இந்தக் கதை இன்னொரு தடவை நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு அடர்த்தியான உப்புக் கரைசலை ஏற்றிப் பலரைப் பிழைக்க வைத்தார். ஆனால் பிழைத்தவர்களில் பலர் சில நாளில் சிறுநீர் நின்றுபோய் இறந்தார்கள். அதே காலத்தில் பிலிப்பைன்ஸில் செல்லர்ட்ஸ் என்பவர் சோடாவும் சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சாவு குறைகிறது என்று கண்டார். ராஜர்ஸும் தன் கரைசலோடு சோடியம் பைகார்பனேட் சேர்த்தார், சிறுநீரகச் சாவுகள் குறைந்தன. எந்தத் திரவம் என்ற கேள்விக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை நூறு வருஷத்துக்கு முன்பே நம் நாட்டுக் காலரா வார்டு காட்டிக் கொடுத்துவிட்டது.

1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹார்ட்மன், சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேயரின் பழைய கரைசலில் லாக்டேட் சேர்த்தார். அதுதான் இன்று ‘ரிங்கர் லாக்டேட்’, ஆர்.எல். பாட்டில். இதில் குளோரைடு சுமார் 110தான். கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் கால்சியம் உண்டு. லாக்டேட்டை நம் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். ரத்தத்தின் சேர்மானத்துக்கு நெருக்கமாக இருப்பதால் இந்த வகையை ‘சமநிலைத் திரவம்’ என்கிறார்கள். இதே வகையில் விலை கூடிய இன்னொன்று பிளாஸ்மாலைட்.

குளோரைடு கூடினால் என்ன ஆகும்? இரண்டு விஷயம். ஒன்று, ரத்தம் அமிலத்தன்மைப் பக்கம் சாயும். இரண்டு, சிறுநீரகத்துக்குள் உப்பின் அளவை உளவு பார்க்கிற செல்கள் இருக்கின்றன. அங்கே குளோரைடு அதிகமாக வந்து சேர்ந்தால், உள்ளே வருகிற ரத்தக் குழாயை அவை சுருக்கிவிடும். மடையை அடைத்த மாதிரி. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு 2 லிட்டர் சலைன் ஒரு முறையும், 2 லிட்டர் சமநிலைத் திரவம் ஒரு முறையும் ஏற்றிப் பார்த்தார்கள். சலைன் ஏறியபோது சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டம் குறைந்தது. ஆய்வு 2012-இல் வெளிவந்தது. திடமான வாலிபருக்கே இப்படி என்றால், கிருமி ரத்தத்தில் கலந்து பிரஷர் இறங்கிக் கிடப்பவருக்கு?

அதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. நோயாளிகள் 15,802 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குச் சலைன், மறுபக்கத்துக்குச் சமநிலைத் திரவம் கொடுத்தார்கள். 30 நாளுக்குள் சாவு, புதிதாக டயாலிசிஸ், தேறாத சிறுநீரகப் பாதிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் சலைன் பக்கம் 15.4 சதவீதம், மறுபக்கம் 14.3. ஆய்வு வெளிவந்தது 2018-இல். நூற்றுக்கு ஒருத்தர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஒரு நாட்டில் ஒரு வருஷத்தில் எத்தனை லட்சம் பேர் ஐ.சி.யூ.வுக்குப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நூற்றில் ஒருத்தர் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் நான்கு பெரிய மருத்துவமனைகளில், கிருமித் தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன 708 குழந்தைகளிடம் இதே சோதனையைச் செய்தார்கள். 2023-இல் வெளிவந்த முடிவு: முதல் ஏழு நாளில் சிறுநீரகப் பாதிப்பு சலைன் கொடுத்த குழந்தைகளில் 33 சதவீதம், சமநிலைத் திரவம் கொடுத்தவர்களில் 21 சதவீதம். இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் சிறுநீரகத்தில் இவ்வளவு வித்தியாசம்! அதே ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இறந்தவர் தானம் செய்த சிறுநீரகம் பொருத்தப்பட்ட 808 பேரிடம் பார்த்தார்கள். புதுச் சிறுநீரகம் உடனே வேலை தொடங்காமல் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் சலைன் பக்கம் 40 சதவீதம், மறுபக்கம் 30. உறுப்பு தானத்தில் முன்னால் நிற்கிற நம் மாநிலம் கவனிக்க வேண்டிய எண் இது.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது பாடம் ஆகாது, பிரசாரம் ஆகிவிடும். பிரேசிலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2021-இல் வந்த ஆய்வும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 5,037 பேரிடம் நடந்து 2022-இல் வந்த ஆய்வும் இரண்டு திரவத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்றே முடித்தன. அதனால் சலைன் விஷம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. தலையில் அடிபட்டவருக்குச் சலைன்தான் நல்லது, ஆர்.எல். மூளை வீக்கத்தைக் கூட்டக்கூடும். தொடர்ந்து வாந்தி எடுத்து குளோரைடு இழந்தவருக்கும் சலைன் பொருந்தும். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஆர்.எல். ஓடுகிற அதே குழாயில் கலக்கக் கூடாது, அதில் கால்சியம் இருக்கிறது. ஆக, ஒரே பாட்டில் எல்லாருக்கும் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. ‘கைக்கு வந்ததை மாட்டு’ என்ற பழக்கம்தான் கூடாது என்கிறேன்.

‘சிறுநீரகம் கெட்டவருக்கு ஆர்.எல். கூடாது, அதில் பொட்டாசியம் இருக்கு’ என்று ஒரு பயம் ஆஸ்பத்திரிகளிலேயே உண்டு. ஆர்.எல்.லில் லிட்டருக்கு 4 அல்லது 5 மில்லிமோல் பொட்டாசியம்தான். அது ரத்தத்தில் வழக்கமாக இருக்கிற அளவே. சலைனில் பொட்டாசியம் இல்லைதான், ஆனால் அது உண்டாக்குகிற அமிலத்தன்மை செல்லுக்குள் இருக்கிற பொட்டாசியத்தை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். சிறுநீரக மாற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் பொட்டாசியம் கூடியது சலைன் பக்கம்தான்.

இன்னொரு பக்கம், "செலவைப் பத்திக் கவலை இல்ல டாக்டர், விலை கூடுனதாப் போடுங்க" என்று சொல்கிற உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ச் கலந்த டிரிப்ஸ் ஒன்று நீண்ட காலம் உசத்தி மருந்தாக ஓடியது, விலையும் அதிகம். 2012-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 7,000 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் பார்த்தபோது டயாலிசிஸ் வகைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஸ்டார்ச் பக்கம் 7 சதவீதம், சாதா சலைன் பக்கம் 5.8. அது நல்லது என்று கட்டுரை கட்டுரையாக எழுதிய ஜெர்மன் மயக்க மருத்துவர் ஒருவரின் ஆய்வுகள் எண்பதுக்கு மேல், முறைகேடு என்று 2011-இல் திரும்பப் பெறப்பட்டன. விலை உசத்தி என்பதாலேயே மருந்து உசத்தி ஆகிவிடாது.

அடுத்து, எவ்வளவு என்ற கேள்வி. கரிசல் மண் தண்ணி குடித்தால் ஊதும். மழை ரொம்பப் பெய்து வடியாமல் நின்றால் பருத்தி வேர் அழுகும். உடம்பும் அப்படித்தான், கூடுதல் தண்ணி நுரையீரலிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் கோத்துக்கொள்ளும். 2011-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் கடும் காய்ச்சலோடு வந்த 3,141 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் இரண்டு நாளுக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதம், அப்படி ஏற்றாதவர்களில் 7.3. உயிர் காக்கும் என்று எல்லாரும் நம்பியதைச் செய்தபோது சாவு கூடியது. வென்டிலேட்டர் வசதி இல்லாத ஆஸ்பத்திரிகள் அவை. நம் பக்கத்துச் சின்னச் சின்ன கிளினிக்குகளை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

இவ்வளவும் நம் ஊருக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்று கேட்கலாம். வானம் பார்த்த பூமி இது. வெயிலில் களையெடுப்பவர்கள், தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள். கழிப்பறை வசதி இல்லாததால் காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள், வெயில் வேலைக்கும் சிறுநீரகத் திறன் குறைவதற்கும் உள்ள தொடர்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். போதாததற்கு சுகர், பிரஷர். சாயங்காலம் மேல்வலிக்கு ஒரு வலி ஊசி, அதுவும் காய்ந்த சிறுநீரகத்துக்கு ஒரு அடி. காட்டில் கண்ணாடி விரியன் கடித்தாலும் அதன் விஷம் சிறுநீரகத்தைத்தான் தேடிப்போகும். இப்படி ஏற்கெனவே பாதி களைத்த சிறுநீரகத்தோடுதான் நம் ஆட்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி ஐ.சி.யூ.வுக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே எந்தப் பாட்டில் ஏறுகிறது என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. டயாலிசிஸ் என்று ஆகிவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போய்விடும். கூலிக்காரர் வீட்டில் கூட ஒருத்தர் போக வேண்டும், அவருடைய கூலியும் போச்சு. மக்காச்சோளம் விளைந்தாலும் அந்த வீடு எழுந்திருக்காது.

அதனால் என் கோரிக்கைகள்.

மருத்துவம் படித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரியிலும் தனியாரிலும் இருக்கிற என் பிள்ளைகளே, ஆர்.எல். ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மலிவாக மருந்து வாங்கி எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப 1994-லேயே மருத்துவப் பணிகள் கழகம் கண்ட மாநிலம் நம்முடையது. வார்டில் முதலில் கைக்கு எட்டுகிற பாட்டில் எது என்று இன்றைக்கே பாருங்கள். தலையில் அடி போன்ற காரணம் இல்லாத அதிர்ச்சி நோயாளிக்கு ஆர்.எல். முதல் பாட்டிலாக இருக்கட்டும். சலைன் போட்டால் ஏன் என்று ஒரு வரி எழுதும் பழக்கம் வரட்டும்.

நர்ஸாக இருக்கிற பிள்ளைகளே, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எழுதுகிற அந்த சார்ட்தான் சிறுநீரகத்தின் முதல் எச்சரிக்கை மணி. கிரியாட்டினின் ஏறுவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். சிறுநீர் அன்றைக்கே குறைந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். உத்தேசமாக எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். லேபில் அளவுசாடியை எந்த மட்டத்தில் கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மச்சான், மதினி, சித்தப்பா, அத்தை எல்லாருக்கும்: ஐ.சி.யூ.வில் நம் ஆள் இருந்தால் சண்டை போடாமல், மரியாதையாக, ஒரு நாளைக்கு ஒரு தடவை மூன்று கேள்வி கேளுங்கள். "என்ன பாட்டில் போகுது? இன்னைக்கு மொத்தம் எவ்வளவு போயிருக்கு? ஒண்ணுக்கு எவ்வளவு வந்திருக்கு?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். வைத்தியத்தை நீங்கள் தீர்மானிக்கச் சொல்லவில்லை, கவனிக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். சுகர், பிரஷர், ஏற்கெனவே கிரியாட்டினின் கூடியது, சாப்பிடுகிற வலி மாத்திரை எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

கடைசியாக, வாய் வழியாகக் குடிக்க முடிகிற ஆளுக்குக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமில் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடாவும் கலந்த தண்ணியைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காலராவிலிருந்து மீட்டார். இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், சோடியம் சிட்ரேட் என்று போட்டிருக்கும். அந்தக் காலத்துச் சோடாவின் வேலையை இப்போது செய்வது அதுதான். வெறும் உப்பு போதாது என்ற பாடம் சில ரூபாய்ப் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்குப் போகும்போது தண்ணிப் பாட்டிலோடு நீராகாரமோ மோரோ கொண்டுபோங்கள். பெண்கள் வேலை செய்கிற இடத்தில் கழிப்பறை கட்டாத முதலாளியிடம் அதைக் கேளுங்கள். அவர் என் மாணவராக இருந்தால் என் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

மருத்துவத் துறையில் இருக்கிறவர்கள் உங்கள் வார்டு அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்ன கணக்கில் மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள். வகுப்பில் கை தூக்கத் தயங்கியவர்கள் இங்கேயாவது தூக்கலாம்.